சிவப்பு மருந்தும் மருதம்பட்டையும்

கீமோதெரபியில் களைக்கும் இதயத்தை மூலிகைச் சாறு காக்குமா?

கீமோ வார்டில் அந்த மருந்தை முழுப்பெயர் சொல்லிக் கேட்பது அபூர்வம். டாக்ஸோருபிசின் என்பது நோயாளியின் வாயில் எளிதில் நுழையாது. ‘சிவப்பு மருந்து’ என்றால் போதும், பக்கத்துக் கட்டில்காரருக்கும் புரிந்துவிடும். ஆரஞ்சு கலந்த சிவப்பில் நரம்பு வழியே மெதுவாக ஏறும். அடுத்த ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் என்று நினைத்து வீடே பதறிவிடும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், வாந்தி வரும். இவையெல்லாம் வந்து போகிறவை. கொட்டிய முடி திரும்ப முளைத்துவிடும். சிலருக்கு இந்த மருந்து இதயத்தில் விட்டுச்செல்லும் சேதம் மட்டும் அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை.

“கீமோவால் ஹார்ட் வீக் ஆகும்” என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்ன அன்றைக்கே வீட்டில் தேடல் ஆரம்பித்துவிடும். சித்தி மருதம்பட்டைத் தூள் வாங்கி வருவார். ஒன்றுவிட்ட அண்ணன் கருஞ்சீரக எண்ணெய் அனுப்பி வைப்பார். நெல்லிக்காய்ச் சாறு, அமுக்கரா சூரணம், மஞ்சள் மாத்திரை என்று மேசை நிறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்அப்பில் ஓர் ‘ஆராய்ச்சி முடிவு’ துணைக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆராய்ச்சிகளில் பலவும் உண்மையிலேயே நடந்தவை. முறையான அறிவியல் இதழ்களில் வெளிவந்தவை. அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

இத்தாலி மண்ணிலிருந்து

இதயத்தைப் படுத்தும் இந்த மருந்தும் இயற்கையின் சரக்குதான். 1950-களில் இத்தாலியின் தென்கிழக்கே, காஸ்டெல் டெல் மோன்டே என்ற 13-ம் நூற்றாண்டுக் கோட்டையின் சுற்றுப்புறத்தில் எடுத்த மண்ணில், சிவப்பு நிறமியைச் சுரக்கும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. ஃபார்மிடாலியா என்ற மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதிலிருந்து டானோருபிசினைப் பிரித்தார்கள். பிறகு அதே நுண்ணுயிரின் மாற்றுரு ஒன்றிலிருந்து இன்னும் வலுவான பொருள் வந்தது, அதுதான் டாக்ஸோருபிசின். அருகிலிருந்த ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதை அட்ரியாமைசின் என்றார்கள். இன்றைக்கும் பழைய டாக்டர்கள் சீட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். 1974-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மார்பகப் புற்று, லிம்போமா, குழந்தைகளின் ரத்தப் புற்று, எலும்புப் புற்று என்று அரை நூற்றாண்டாக இதை நம்பிப் பிழைத்தவர்கள் ஏராளம். அதை மறந்துவிட்டு இதன் கெடுதலை மட்டும் பேசுவது நியாயமில்லை.

கெடுதல் சீக்கிரமே தெரிந்தது. 1979-ல் அமெரிக்காவில் 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அவர்களில் 88 பேருக்கு இந்த மருந்தால் இதயச் செயலிழப்பு வந்திருந்தது. மொத்தமாக ஏறிய அளவு கூடக் கூட ஆபத்தும் ஏறுகிறது என்பது அப்போது உறுதியானது. 2003-ல் வந்த மறுகணக்கு இன்னும் கறாரானது: உடலின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் ஏறியவர்களில் 5 சதவீதம் பேருக்கும், 550 மில்லிகிராம் ஏறியவர்களில் 26 சதவீதம் பேருக்கும் இதயச் செயலிழப்பு. 700-ஐத் தொட்டால் ஏறக்குறைய பாதிப் பேர்.

பயந்துவிட வேண்டாம். இன்று மார்பகப் புற்றுக்கு வழக்கமாகத் தருவது ஒரு சுற்றுக்கு 60 வீதம் நான்கு சுற்று, அதாவது 240. லிம்போமாவுக்கு 50 வீதம் ஆறு சுற்று, 300. அந்தப் பயங்கர எண்களுக்கு இவை வெகு கீழே. ஆனால், ‘இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை’ என்று கோடு போட முடியாது. 65 வயதைத் தாண்டியவர்கள், சிறு குழந்தைகள், ரத்த அழுத்தமோ பழைய இதய நோயோ உள்ளவர்கள், நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், டிராஸ்டுஸுமாப் என்ற புற்றுநோய் ஊசியும் சேர்த்துப் போடுபவர்கள் ஆகியோருக்குக் குறைந்த அளவிலேயே இதயம் தடுமாறலாம். குழந்தைகளாக இருந்தபோது சிகிச்சை பெற்றுக் குணமானவர்களில் சிலருக்கு, பத்து இருபது வருடம் கழித்து, கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வயதில் அது தலைகாட்டுகிறது.

இதயம் ஏன் மாட்டிக்கொள்கிறது?

குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இதயத் தசை அப்படி அல்ல. இளம் வயதில்கூட, வருடத்துக்கு நூற்றில் ஒரு செல்தான் புதிதாக வருகிறது. முதுமையில் அதுவும் பாதியாகிவிடும். போனது போனதுதான். நிறுத்தாமல் துடிப்பதற்காக இதயத் தசைச் செல்லின் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் அறைகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. டாக்ஸோருபிசின் குறிவைத்துப் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே இரும்போடு சேர்ந்து, ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் வெறிபிடித்த ஆக்ஸிஜன் துணுக்குகளை அது கிளப்பிவிடுகிறது. அவற்றை அடக்கும் நொதிகள் கல்லீரலில் தாராளம், இதயத்தில் குறைவு.

இதுதான் பல வருடங்களாக எல்லோரும் சொல்லிவந்த விளக்கம். மூலிகை ஆராய்ச்சிகள் முழுக்க இதன் மேல்தான் நிற்கின்றன. ஃப்ரீ ராடிக்கல் கெடுக்கிறது என்றால், ஆன்டிஆக்ஸிடன்ட் காப்பாற்ற வேண்டும். தாவரங்களில் அதற்குப் பஞ்சமில்லை. கணக்கு நேராக இருந்தது.

2012-ல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கைக் கலைத்தது. டி.என்.ஏ. இழைகளின் முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ்-2 என்ற நொதிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்களில் ஆல்ஃபா. இதயத் தசையில் பீட்டா. சிவப்பு மருந்து ஆல்ஃபாவை முடக்கித்தான் புற்றைக் கொல்கிறது. கூடவே பீட்டாவையும் பிடித்துக்கொள்வதால் இதயச் செல்லின் டி.என்.ஏ. அறுபடுகிறது, மைட்டோகாண்ட்ரியாவைப் பராமரிக்கும் மரபணுக்கள் ஓய்ந்துபோகின்றன. இதயத்தில் மட்டும் பீட்டாவை நீக்கிய சுண்டெலிகளுக்கு மருந்தைக் கொடுத்தார்கள். இதயம் பெரும்பாலும் தப்பித்தது. ஃப்ரீ ராடிக்கல் என்பது கதையின் நடுவில் வருகிற ஆசாமி. கதையைத் தொடங்கிவைப்பது வேறொன்று. நடுவில் வருபவனை மட்டும் மடக்கினால் போதுமா என்ற சந்தேகம் அன்று எழுந்தது. இன்னும் தீரவில்லை.

எலிக்கூண்டில் வந்த நல்ல செய்தி

மருதமரத்திலிருந்து தொடங்குவோம். ஆற்றங்கரைகளில் வெளுத்த வழவழப்பான தண்டோடு நிற்கும் நீர்மருது. திருவிடைமருதூரில் தலவிருட்சம் அதுதான். அதன் பட்டையை இதயத்துக்கென்று கஷாயமாகவும் பாலில் காய்ச்சியும் கொடுப்பது ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் நெடுங்காலப் பழக்கம். 2008-ல் இந்திய ஆய்வாளர்கள் இதன் பட்டைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துவிட்டு டாக்ஸோருபிசின் ஏற்றினார்கள். சாறு குடித்த எலிகளின் இதயத்தில் சேதம் குறைவு. ரத்தத்தில் கசியும் இதய நொதிகளும் குறைவு.

அதே 2008-ல் அமுக்கராவுக்கும் அப்படி ஒரு முடிவு வந்தது. அதற்கு முந்தைய வருடம் தாய்லாந்தில் நெல்லிக்காய்ச் சாறு. கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுவினோன் இன்னும் முன்னதாகவே, 1990-களின் இறுதியில் சவூதி அரேபியாவில் சோதிக்கப்பட்டு நல்ல பெயர் வாங்கியது. மஞ்சளின் குர்குமின், திராட்சை விதைச் சாறு, பூண்டு, மரமஞ்சளின் பெர்பெரின், மேலைநாட்டு முள்செடியான மில்க் திஸ்டிலின் சிலிமாரின் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். சீனத்தில் ஜின்செங் வேர் சேர்ந்த ஷென்மாய் என்ற ஊசியை மருத்துவமனைகளிலேயே கீமோவோடு சேர்த்துப் போடுகிறார்கள்.

இந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உறுத்த ஆரம்பிக்கும். கிட்டத்தட்ட எல்லாச் செடியும் ஜெயிக்கிறது. தோற்ற செடியைப் பற்றிய கட்டுரையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தோற்றவை அச்சுக்கு வருவதில்லை என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

எலிச் சோதனை நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஆறேழு எலிகள். இளசானவை, ஆரோக்கியமானவை, பெரும்பாலும் ஆண் எலிகள். மனிதர்களுக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று பரப்பித் தருகிற மருந்தை இவற்றுக்குப் பல சோதனைகளில் ஒரே ஊசியில் இறக்கிவிடுகிறார்கள். சில நாளில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். வருடங்கள் கழித்து வரும் இதயச் செயலிழப்பைப் பற்றி அந்தச் சில நாள் என்ன சொல்லிவிட முடியும்?

அளவும் ஒத்துவராது. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுப்பது இத்தகைய ஆய்வுகளில் சகஜம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற மருந்தியலில் ஒரு வாய்ப்பாடு உண்டு, சுமார் 6.2-ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் கிட்டத்தட்ட 4 கிராம் செறிவூட்டிய சாறு. பட்டையில் பத்தில் ஒரு பங்கு சாறாகத் தேறும் என்று வைத்துக்கொண்டால், 40 கிராம் பட்டை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் காலையில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலக்குகிறோமே, அதற்கும் ஆய்வகத்தில் எலி குடித்ததற்கும் உறவே கிடையாது. ஆய்வகச் சாற்றை எடுப்பது பியூட்டனாலிலோ ஆல்கஹாலிலோ. நம் வீட்டில் தண்ணீரில். கரைந்து வரும் பொருள்களே வேறு.

அந்த எலிக்குப் புற்றுநோய் இல்லை

இதுவரை சொன்னவை சில்லறைக் குறைகள். பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் எலிக்குப் புற்றுநோயே கிடையாது. நோயில்லாத பிராணிக்குக் கீமோ கொடுத்து, இதயத்தை மட்டும் பார்த்துவிட்டு, ‘காப்பாற்றிவிட்டது’ என்று எழுதுகிறார்கள். கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டதா என்று கேட்கவில்லை. கட்டியே இல்லாத இடத்தில் கேட்கவும் முடியாது.

இது வீம்புக்குக் கேட்கும் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. 2002-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மார்பகப் புற்றுச் செல்களுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்ஸோருபிசின் உள்ளிட்ட கீமோ மருந்துகளால் சாக வேண்டிய புற்றுச் செல்கள் குர்குமினின் தயவில் தப்பிப் பிழைத்தன. கட்டி வளர்த்த சுண்டெலிகளின் தீவனத்தில் குர்குமின் சேர்த்தபோது, கூடவே கொடுத்த கீமோவின் வேகம் மட்டுப்பட்டது. 2009-ல் இன்னோர் அதிர்ச்சி: பச்சைத் தேயிலையின் முக்கியச் சத்து, மைலோமா என்ற ரத்தப் புற்றுக்குத் தரும் போர்டெஸோமிப் மருந்தை நேரடியாகப் பிடித்துக்கட்டிச் செயலிழக்கச் செய்தது. மருந்துக்குத் துணை செய்யும் என்று எதிர்பார்த்துத்தான் அந்த ஆய்வையே தொடங்கியிருந்தார்கள்.

மனிதர்களிடமும் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. டாக்ஸோருபிசின் அடங்கிய கீமோ பெற்ற 1,134 மார்பகப் புற்று நோயாளிகளின் சத்து மாத்திரைப் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்த அமெரிக்க ஆய்வு 2020-ல் வெளியானது. சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்பி வரும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. அந்த வித்தியாசம் புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தொடாமல் நின்றது. மாத்திரைதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், ‘நல்லதுதானே, என்ன கெட்டுவிடப் போகிறது?’ என்ற நம் வழக்கமான வாதம் அதற்குப் பிறகு எடுபடாது.

இதே கேள்வியைச் சந்தித்து ஜெயித்த மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் டெக்ஸ்ராஸோக்ஸேன். லண்டனில் புற்றுநோய் மருந்தாக உருவாக்கிய குடும்பத்தில் பிறந்து, இதயக் காவலாக மாறியது. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிவப்பு மருந்துக்குச் சற்று முன்பு நரம்பில் ஏற்றுவார்கள். இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, இதயத்தின் பீட்டா நொதியையும் மருந்தின் கைக்கு எட்டாமல் ஆக்குகிறது. ஆரம்பத்தில் இதன் மீதும் பழி விழுந்தது. ஓர் ஆய்வில், இதைப் பெற்றவர்களிடம் கட்டி சுருங்கும் விகிதம் குறைவாகத் தெரிந்தது. குழந்தைகளுக்கு இரண்டாவது புற்று வருமோ என்ற பயத்தில் 2011-ல் ஐரோப்பாவில் அவர்களுக்குத் தடை போட்டார்கள். மேலும் ஆய்வுகள் வந்தன. சந்தேகம் பெரும்பாலும் கரைந்தது. 2017-ல் தடை தளர்ந்தது. இருபது வருடத்துக்கு மேல் நெருப்பில் நின்று வெளியே வந்த மருந்து அது. மருதம்பட்டையோ கருஞ்சீரகமோ அந்த நெருப்பை இன்னும் தாண்டவில்லை. இந்த வித்தியாசத்தை வாட்ஸ்அப் செய்தி சொல்லாது.

மனிதர்களிடம் சோதித்தபோது

வைட்டமின் ஈ-யின் கதை இந்த விஷயத்தில் நல்ல பாடம். 1977-ல் சுண்டெலிகளின் இதயத்தை அது டாக்ஸோருபிசினிலிருந்து காப்பாற்றியது. கட்டிக்கு எதிரான வேலையையும் கெடுக்கவில்லை. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். பலனில்லை. என்-அசிடைல்சிஸ்டீன் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டும் அதே வழியில் போனது.

மருதம்பட்டைக்கு மனிதச் சோதனை நடந்திருக்கிறது. கீமோ நோயாளிகளிடம் அல்ல, சாதாரண இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம். 1995-ல் இந்தூரில் 12 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சுமார் 100 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மருதம்பட்டைச் சாறு, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் 12 வாரம் கொடுத்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை. மேலைநாட்டில் பேர்போன இதய மூலிகையான ஹாதார்னுக்கும் அதே கதி: 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், முதன்மையாக எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

கீமோவோடு சேர்த்து மனிதர்களிடம் சோதித்தவை மிகச் சில. எகிப்தின் டான்டா பல்கலைக்கழகத்தில், ரத்தப் புற்று உள்ள குழந்தைகளுக்கு சிலிமாரினும், இன்னோர் ஆய்வில் கருஞ்சீரக எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் இதயத்தின் நிலை மேலாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் சேர்ந்தவர்கள் சில டஜன் குழந்தைகள். பார்த்தது குறுகிய காலம். அந்தக் குழந்தைகளுக்கு நோய் திரும்பியதா, இருபது வயதில் இதயம் எப்படி இருந்தது என்பதற்கு இத்தனை சிறிய ஆய்வு பதில் சொல்லாது. இதைப் பெரிய அளவில், பல மருத்துவமனைகளில் தொடர வேண்டும். இத்தனை மூலிகைகளும் இத்தனை புற்றுநோய் மையங்களும் இருக்கிற நம் நாடு அதைச் செய்யாமல், நாற்பத்தோராவது எலி ஆய்வை வெளியிட்டுக்கொண்டிருப்பது எரிச்சலூட்டுகிறது.

செடி மருந்தாகும் பாதை

இதைப் படித்துவிட்டு ‘தாவரமெல்லாம் சும்மா’ என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுச் சிகிச்சை வின்கிரிஸ்டின் இல்லாமல் நடக்காது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் நித்தியகல்யாணியை மானாவாரிப் பயிராகவே போடுகிறார்கள். பாக்ளிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து வந்தது பசிபிக் கரையோர யூ மரத்தின் பட்டையிலிருந்து.

இதயத்துக்கும் அப்படி முன்னோடி உண்டு. 1785-ல் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் வித்தரிங், நாட்டுப்புற வைத்தியத்தில் இருந்த ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பத்து வருட நோயாளிகளை அதில் பதிந்தார், பலன் தந்தவர்களை மட்டும் பொறுக்காமல் பலனளிக்காதவர்களையும் நஞ்சாகிப்போனவர்களையும் சேர்த்து. அந்தச் செடியின் இனத்திலிருந்து வந்த டிஜாக்ஸின் இன்றும் மருந்துக் கடையில் இருக்கிறது. அதே வகை ரசாயனம்தான் நம் ஊர் அரளி விதையிலும் இருக்கிறது. அது இதயத் துடிப்பைக் குலைத்து ஆளைக் கொல்லும் என்பது கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூலிகையில் பக்கவிளைவே கிடையாது என்பவரிடம் அரளியைக் காட்டினால் போதும்.

இன்னொன்றும் சுவாரசியம். 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையில் ஃப்ளோரிஸின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதை மாதிரியாக வைத்துத்தான், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், டாபாக்ளிஃப்ளோஸின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் வந்தன. அவை இதயச் செயலிழப்புக்கும் நல்ல மருந்து என்று பிறகு தெரிந்தது. சர்க்கரை நோய்க்காக இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சிவப்பு மருந்து பெற்றவர்களிடம் இதயப் பாதிப்பு குறைவாக இருந்ததை 2022-ல் ஓர் ஆய்வு கவனித்தது. ஒருவேளை கீமோவிலிருந்து இதயத்தைக் காக்கும் ‘மரப்பட்டை’ இந்த வழியாகத்தான் வந்து சேருமோ என்னவோ. பட்டையாக அல்ல, அளந்து செய்த மாத்திரையாக.

கஷாயத்தில் ஒளிந்திருப்பது

சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ரசத்தில் விழும் சிட்டிகையால் ஒன்றும் ஆகாது. பிரச்னை காப்ஸ்யூல்களில். குர்குமின் உடம்பில் சரியாகச் சேராது என்பதால் மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். 20 மில்லிகிராம் பைப்பரின், குர்குமின் ரத்தத்தில் சேர்வதை 20 மடங்கு கூட்டுவதாக 1998-ல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள். எப்படி? மருந்துகளை வெளியேற்றும் கல்லீரலின், குடலின் கதவுகளைப் பைப்பரின் அடைக்கிறது. டாக்ஸோருபிசின் உள்ளிட்ட பல கீமோ மருந்துகள் வெளியேறுவதும் அதே கதவுகள் வழியாகத்தான். அதற்கு நேர்மாறாக, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேலைநாட்டு மூலிகை, இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்துவிட்டது. ஒன்று மருந்தை மிகுதியாக்கலாம், மற்றது வீணாக்கலாம்.

கல்லீரல் விஷயம் இன்னும் நேரடியானது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்த சிலருக்கு மஞ்சள் காமாலை வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அடுத்த வருடம் பல நகரங்களிலிருந்து 43 பேரின் விவரங்கள் வந்தன. கல்லீரல் கெட்டால் சிவப்பு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது தள்ளிப்போட வேண்டும். அங்கே நஷ்டம் புற்றுச் சிகிச்சைக்கு. தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் வாங்கிச் சோதித்த 2004-ம் ஆண்டு ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் கீமோ நாட்களில், பூஞ்சை படிந்த பழைய சூரணம் ஒன்றே போதும் காய்ச்சலைக் கிளப்ப.

கையில் இருப்பவை

செடிகளுக்காகக் காத்திருக்கும் வேளையில் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. இத்தாலியின் மிலான் நகரப் புற்றுநோய் மையத்தில் 2,625 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 9 சதவீதம் பேருக்கு இதயத் திறன் இறங்கியது. அவர்களில் 98 சதவீதம் பேருக்கு அது முதல் வருடத்திலேயே எக்கோவில் தெரிந்துவிட்டது. உடனே வழக்கமான இதய மாத்திரைகளைத் தொடங்கியதில், பாதிக்கப்பட்டவர்களில் 82 சதவீதம் பேர் முழுமையாகவோ ஓரளவோ மீண்டார்கள். அதே குழு முன்பு கண்ட இன்னொன்று: இரண்டு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மீண்டார்கள், ஆறு மாதம் தாண்டியவர்களில் யாரும் முழுமையாக மீளவில்லை. மூச்சு வாங்கும்வரை, கால் வீங்கும்வரை காத்திருப்பதால் எதை இழக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீமோ தொடங்கும் முன்பே எக்கோ எடுக்கச் சொல்கிறது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டெக்ஸ்ராஸோக்ஸேன், அல்லது கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த லைப்போசோமல் டாக்ஸோருபிசின் தரலாம் என்கிறது. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரையைப் பற்றிய செய்தி கலவையானது: 300 லிம்போமா நோயாளிகளிடம் 2023-ல் வெளியான ஆய்வில், இதயத் திறன் சரிந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டோரில் 9 சதவீதம், சாப்பிடாதோரில் 22 சதவீதம். ஆனால் முக்கியமாக மார்பகப் புற்று நோயாளிகளிடம் அதற்கு முன் நடந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. யாருக்குத் தரலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கீமோவில் இருப்பவர்களுக்கும் வீட்டாருக்கும் சில வேண்டுகோள்கள். முதல் ஊசிக்கு முன் எக்கோ எடுத்தாயிற்றா என்று கேளுங்கள், அதில் இ.எஃப்., அதாவது இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன், எவ்வளவு என்று குறித்து வையுங்கள். அடுத்தடுத்த எக்கோ எப்போது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். சிவப்பு மருந்து மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். குழந்தைக்குச் சிகிச்சை என்றால் அந்தக் காகிதம் அதன் ஆயுள் முழுக்கத் தேவைப்படும். மருதம்பட்டையோ சூரணமோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால், திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். டப்பாவையே எடுத்துப்போய்ப் புற்றுநோய் டாக்டரின் மேசையில் வையுங்கள். சித்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள் என்றால் கீமோ சீட்டை அவரிடமும் காட்டுங்கள். இருவரும் சரி என்று சொல்லும்வரை, கீமோ நாட்களில் அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.